மலைச் சபையில் கிறிஸ்மஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம், தேயிலைச் சரிவில் நிற்கிற ஒரு சின்ன பிரஸ்பிட்டேரியன் சபை எங்களுடையது. நாற்பது குடும்பம் தேறினால் அதிகம். டிசம்பர் பிறந்ததும் கேள்விகளும் வந்துவிடும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள், சபைக்குப் பெண் கொடுத்த வீட்டார் கேட்பார்கள், மலையைச் சுற்றிப் பார்க்க வந்து ஆராதனைக்குள் எட்டிப் பார்க்கிறவர்களும் கேட்பார்கள். மூப்பர்களில் ஒருவனாக ஒவ்வொரு வருடமும் அதே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் எழுதி வைக்கிறேன். எங்களுக்கு வினா விடை ஒன்றும் புதிதல்ல. எங்கள் விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித் தருகிற, 1647-ல் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையில் 107 கேள்விகள் உண்டு. என் அப்பா அவற்றை வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். இங்கே அவ்வளவு கிடையாது, பயப்பட வேண்டாம்.

பிரஸ்பிட்டேரியன் என்றால் என்ன? நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) இல்லையா?

'பிரஸ்பிட்டர்' என்றால் கிரேக்கத்தில் மூப்பர். பிஷப் என்று ஒருவர் மேலே இருக்கமாட்டார். சபை தெரிந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உட்கார்ந்து சபையை நடத்துவார்கள். பெயருக்கு உள்ள அர்த்தம் அவ்வளவுதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த வழி இது.

தென்னிந்தியாவில் இந்த வழியில் வந்த பெரும்பாலான சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. அது 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆயிற்று. அதனால்தான் 'பிரஸ்பிட்டேரியன்' என்ற பலகை இந்தப் பக்கம் அபூர்வம். எங்கள் சபை அதற்கெல்லாம் பிந்தியது. சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கூடித் தொடங்கியது. சி.எஸ்.ஐ. சபையாரோடு எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை எல்லாம் உண்டு. சண்டை ஒன்றுமில்லை.

பிரஸ்பிட்டேரியன்காரர்கள் கிறிஸ்மஸே கொண்டாடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டோமே?

பொய்யில்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

1560-ல் ஸ்காட்லாந்தில் சீர்திருத்தம் நடந்தபோது, ஜான் நாக்ஸும் கூட்டாளிகளும் எழுதிய ஒழுங்குப் புத்தகத்தில், ஒழிக்க வேண்டிய பண்டிகைகளின் பட்டியலில் கிறிஸ்மஸும் இருந்தது. வேதத்தில் கட்டளை இல்லாத ஒன்றை ஆராதனையில் சேர்க்கக் கூடாது என்பது அவர்களுடைய கணக்கு. 1645-ல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை முறைமையும் அதையே சொன்னது: புதிய ஏற்பாட்டில் பரிசுத்தமாக ஆசரிக்கச் சொன்ன நாள் ஆண்டவருடைய நாளான ஞாயிறு மட்டுமே. ஸ்காட்லாந்தில் கிறிஸ்மஸ் அரசு விடுமுறையானது எப்போது தெரியுமா? 1958-ல். அதுவரை அங்கே அன்றைக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களுடைய பெரிய நாள் வருடப் பிறப்பு.

எல்லாச் சீர்திருத்தச் சபைகளும் இவ்வளவு கறாராக இருக்கவில்லை. 1566-ல் சுவிட்சர்லாந்தில் வெளிவந்த இரண்டாம் ஹெல்வெத்திய விசுவாச அறிக்கை, கிறிஸ்துவின் பிறப்பைச் சபைகள் தங்கள் சுயாதீனத்தில் நினைவுகூர்ந்தால் நல்லதே என்கிறது. இரண்டு வழியும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இப்போது ஏன் கொண்டாடுகிறீர்கள்?

'ஒருவன் ஒருநாளை மற்றொரு நாளிலும் விசேஷமாக எண்ணுகிறான். வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான்' என்று ரோமர் 14-ல் பவுல் சொல்கிறார். எங்களுக்கு அதுதான் இடம் கொடுத்த வசனம். எங்கள் மூப்பர் கூட்டம் ஒவ்வொரு நவம்பரிலும் உட்கார்ந்து, 'இந்த வருடம் கிறிஸ்மஸ் ஆராதனை வைக்கிறோம்' என்று தீர்மானம் எழுதும். சடங்கு மாதிரித் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வரியை நாங்கள் விடுவதில்லை. இது தேவன் விதித்த நாள் இல்லை, நாங்கள் விரும்பி வைத்துக்கொண்ட நாள் என்று எங்களுக்கே ஞாபகப்படுத்த அந்த வரி வேண்டியிருக்கிறது. வராதவரைப் பார்த்து 'கிறிஸ்மஸுக்குக்கூட வரலையா?' என்று கேட்க எங்களுக்கு உரிமை கிடையாது. (கேட்கத்தான் செய்கிறோம். அது வேறு கதை.)

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். சாகும்வரை கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி உடுத்தவில்லை. தவறாமல் ஆராதனைக்கு வருவார். வெளுத்த வேட்டி, முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிக் கோட்டு. பேரப்பிள்ளைகள் சட்டை எடுத்துக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த சாதாரண ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு வருவார். 'ஞாயித்துக்கெழமைய விட இது எதுல ஒசத்தி?' என்பார். அவர் பேச்சு அப்போது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது டிசம்பரில் துணிக்கடைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது.

டிசம்பர் 25-தான் இயேசு பிறந்த தேதியா?

வேதத்தில் தேதி இல்லை. ரோமாபுரிச் சபை அந்த நாளை ஆசரித்ததற்கு 336-ஆம் ஆண்டிலிருந்து பதிவு உண்டு. தேதி தெரியவில்லையே என்று எங்களுக்குத் தூக்கம் கெடவில்லை.

சரி, கிறிஸ்மஸின் ஆவிக்குரிய அர்த்தம்தான் என்ன?

'அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்.' யோவான் 1:14. இதற்கு மேல் நான் சொன்னால் அது இதற்கு உரைதான்.

சிறு வினாவிடையின் 22-ஆம் கேள்வி இதையே இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. தேவகுமாரன் மனிதரானது எப்படி? மெய்யான சரீரத்தையும் அறிவுள்ள ஆத்துமாவையும் எடுத்துக்கொண்டு. 'மெய்யான சரீரம்' என்ற சொல்லை எங்கள் போதகர் லேசில் விடமாட்டார். மனிதரைப் போல வேஷம் போட்டுக்கொண்டு வரவில்லை என்பார். பசிக்கிற உடம்பு, குளிர்கிற உடம்பு, சளி பிடிக்கிற உடம்பு. மார்கழிக் குளிரில் கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மாருக்கு இந்த மலையில் அதை விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்து 27-ஆம் கேள்வி. அங்கே கிறிஸ்துவின் தாழ்மை சிலுவையில் தொடங்குவதில்லை, பிறப்பிலேயே தொடங்கிவிடுகிறது: அவர் பிறந்தார், அதுவும் தாழ்ந்த நிலையில் பிறந்தார். பொதுவாகக் கிறிஸ்மஸ் சந்தோஷம், புனித வெள்ளி துக்கம் என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். எங்கள் முன்னோர்கள் அப்படிப் பிரிக்கவில்லை. தொட்டிலிலேயே சிலுவையின் வேலை ஆரம்பமாகிவிட்டது என்பது அவர்கள் படிப்பு. அதனால்தான் எங்கள் கிறிஸ்மஸ் பிரசங்கம் சில நேரம் கொஞ்சம் கனமாக இருக்கும். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். மன்னிக்க வேண்டும்.

முன்னணை என்றால் என்ன? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

மாட்டுக்கு முன்னால் தீனி வைக்கிற தொட்டி. தீவனத் தொட்டி, காடி என்றும் சொல்வார்கள். பலர் அதைக் குழந்தைக்கென்று செய்த அழகான மரத்தொட்டில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு வருடம் பிள்ளைகளைப் பக்கத்துத் தொழுவத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். தொட்டியின் அடியில் ஊறிப்போன தவிடு, ஓரத்தில் மாடு நக்கி நக்கி வழவழத்த பலகை, எச்சில் வாடை. ஒரு சிறுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு, 'இதுல பாப்பாவப் போட்டா அழுவாதா அங்கிள்?' என்று கேட்டாள். அழுதிருக்கும் என்றேன். அந்த வருடத்து நாடகத்தில் பிள்ளையாக வைத்த பொம்மைக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் அழுகைச் சத்தம் கொடுத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் ஆராதனையில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனத்தை இரண்டு தடவை வாசிக்கிறீர்களே, ஏன்?

கவனித்ததற்கு நன்றி. மேய்ப்பர், தூதர் எல்லாம் வருவதற்கு முன்னால் உள்ள பகுதி அது. பெரும்பாலான சபைகளில் அதைச் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். எங்களால் தாண்ட முடிவதில்லை.

'அந்நாட்களில் உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது.' கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எங்கோ தூரத்தில் ஆட்களை எண்ணச் சொல்லி ஒரு ராஜாவின் கட்டளை, அதற்காக ஒரு ஏழைக் குடும்பம் மூட்டை கட்டுகிறது, பெண்ணோ நிறைமாதம். எங்கள் சபையில் பாதிப்பேருக்கு இது வேதக் கதை மட்டுமல்ல.

1948-ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்தபோது மலையகத் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் ஆட்களை எண்ணிப் பிரித்துக்கொண்டன. மீதி ஒன்றரை லட்சம் பேர் கதை பிறகு, 1974-ல். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்காகத்தான் 1968-ல் தமிழக அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. இன்று டான்டீ என்கிறோமே, அதுதான்.

என் அப்பாயி 1973-ல் வந்தவர். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து, லயத்திலேயே ஐந்து பிள்ளை பெற்றவர். 'சொந்த ஊருக்குப் போ' என்றார்கள். அந்தச் சொந்த ஊரை அவர் பார்த்ததே கிடையாது. அங்கே இருந்தவரை அவர் இந்தியாக்காரி. இங்கே வந்த பிறகு சிலோன்காரி. ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மண்டபத்திலிருந்து கொண்டுவந்த குடும்ப அட்டையை டிரங்குப் பெட்டியில் வைத்தால் நமத்துப்போகும் என்று வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் வைத்திருந்தார் என்று சொன்னால் பிரசங்கத்துக்கு நன்றாக இருக்கும். அங்கே இல்லை. எண்ணாகமத்தில் இருந்தது. அட்டையில் குத்தியிருந்த ஊசியின் துரு, கோத்திரம் கோத்திரமாகத் தலை எண்ணுகிற அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் செம்மண் நிறத்தில் ஒரு கோடாக இருக்கிறது.

'சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்' என்ற ஏழாம் வசனம் வரும்போது அப்பாயி ஒருமுறை 'ம்' என்பார். சத்தமாகவே. சபையே திரும்பிப் பார்க்கும். அவர் போன பிறகும் அந்த வரியில் வாசிக்கிறவர் ஒரு நொடி நிறுத்துகிற பழக்கம் தங்கிவிட்டது.

தமிழ் தெரியாதவர்கள் ஆராதனைக்கு வரலாமா?

வரலாம். இதற்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சில வருடங்களாக இங்கே கொழுந்து பறிக்க உள்ளூர் ஆள் போதவில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஜார்க்கண்டின் முண்டா, ஓராவோன் மக்களில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர். அது எங்களுக்கு அப்போது தெரியாது. வடக்கத்திக்காரர், அவ்வளவுதான் தெரியும். ஒரு கிறிஸ்மஸ் விடியற்காலை வாசலில் நின்றவன் நான். ஒரு ஆணும் பெண்ணும், போர்வைக்குள் ஒரு குழந்தையும் வந்தார்கள். உள்ளே நெரிசல். நான் கையைக் காட்டி, 'எடம் இல்ல, வெளிய பந்தல்ல ஒக்காருங்க' என்றேன். அவர்களுக்குப் புரிந்திருக்காது, கை புரிந்தது. போய் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே வந்து நின்றேன். வாசிப்பு தொடங்கிவிட்டிருந்தது. ஏழாம் வசனம்.

நான் உடனே ஓடிப்போய் அவர்களை அழைத்து வந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படிச் செய்யவில்லை. பாட்டு முடியட்டும், ஜெபம் முடியட்டும் என்று இருந்தேன். போய்ப் பார்த்தபோது பந்தலில் ஆள் இல்லை. அடுத்த வாரம் தோட்டத்து லைனில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மன்னிப்பு கேட்க எனக்கு இந்தி வரவில்லை. அந்த அம்மா கறுப்புத் தேநீர் போட்டுக் கொடுத்தார், குடித்தேன். இப்போது கிறிஸ்மஸ் அன்று அந்த ஏழு வசனம் இரண்டு தடவை வாசிக்கப்படுகிறது என்றேனே, முதல் தடவை தமிழில், இரண்டாவது தடவை இந்தியில். வாசிக்கிறவர் அந்தக் கணவர்தான்.

குடில், நட்சத்திரம், மரம் எல்லாம் வைப்பீர்களா?

கோயிலுக்குள் சொரூபம் வைப்பதில்லை. சொரூபம் செய்து வணங்காதே என்கிற இரண்டாம் கற்பனையை, அதாவது கட்டளையை, எங்கள் ஆட்கள் அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டவர்கள். வீட்டில் குடில் வைப்பது அவரவர் மனச்சாட்சி. எங்கள் வீட்டில் என் மகள் வைக்கிறாள். மேலே பஞ்சைப் பிய்த்துப் போட்டு 'ஸ்னோ' என்கிறாள். வெளியே தோட்டத்தில் உறைபனி விழுந்து இலை கருகிக் கிடக்கும் காலையிலும் உள்ளே பஞ்சுதான் பனி.

நட்சத்திரம் உண்டு, காகிதத்தில். நீலகிரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் மினுமினுப்புத் தோரணத்தை எப்போதோ நிறுத்தியாயிற்று. மரம் வெட்டுவதில்லை, வெட்டவும் அனுமதி வேண்டும். காற்றில் முறிந்த சைப்ரஸ் கிளை கிடைத்தால் ஒரு வாளி மண்ணில் நட்டுவைப்போம். கிறிஸ்மஸுக்கு முந்திய நான்கு வாரத்துக்கு நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற வழக்கம் ஜெர்மன் லுத்தரன்காரர்களுடையது; நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

கேரல் பவனி எங்கள் வீட்டுக்கும் வருமா? நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை.

கூப்பிட்டால் வருவோம், கூப்பிடாமல் வரமாட்டோம். இரண்டு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், அதுவும் நீங்கள் சம்மதித்தால். காணிக்கை டப்பாவை உங்கள் முன்னால் குலுக்கமாட்டோம். வெறுந்தேநீரும், இந்த மலையில் கிடைக்கிற மொறுமொறு வர்க்கி ஒன்றும் போதும். சிலர் கேக் வாங்கி வைத்துச் சிரமப்படுகிறார்கள், வேண்டாம். இந்தக் குளிரில் சூடான தேநீரில் முக்கிய வர்க்கிக்கு முன்னால் கேக் எம்மாத்திரம்?

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். படுகர் மக்கள் வெள்ளுடையில் ஹட்டி என்கிற தங்கள் ஊர்களிலிருந்து நடந்து போவார்கள். அந்த நாட்களில் அந்தப் பாதையில் எங்கள் பவனி கிடையாது. ஒரு வருடம் தெரியாமல் டிரம்மோடு எதிரே போய்விட்டோம். நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம். அவர்களில் ஒரு பெரியவர் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கும்பிட்டார், பிள்ளைகளும் கும்பிட்டார்கள். டிரம் அடிக்கிற பையன் குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

கிறிஸ்மஸ் தாத்தா வருவாரா?

பவனியில் வருவார். கோயிலுக்குள் வரமாட்டார்.

மூன்று ராஜாக்கள் ஏன் உங்கள் நாடகத்தில் இல்லை?

மத்தேயு சொல்வது சாஸ்திரிகள், ராஜாக்கள் அல்ல. எத்தனை பேர் என்றும் சொல்லவில்லை. காணிக்கைதான் மூன்று வகை. அவர்கள் வந்தது 'வீட்டுக்குள்', தொழுவத்துக்கு அல்ல. எங்கள் நாடகத்தில் சில வருடம் ஐந்து பேர் வருவார்கள், சில வருடம் இரண்டு பேர். மீசை ஒட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

அன்றைக்குத் திருவிருந்து உண்டா? நாங்கள் பங்குபெறலாமா?

உண்டு. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்று, அங்கே திருவிருந்தில் பங்குபெறுகிறவராக இருந்தால் இங்கேயும் வரலாம். முன்னதாக ஒரு மூப்பரிடம் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் அமர்ந்த இடத்திலேயே இருக்கலாம். யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். அப்பமும் திராட்சரசமும் உங்கள் பெஞ்சுக்கே வரும், எழுந்து வரிசையில் நிற்கத் தேவையில்லை.

எத்தனை மணிக்கு ஆராதனை? என்ன கொண்டு வர வேண்டும்?

காலை 5 மணிக்கு. 4.30-க்கு வந்தால் உட்காரலாம். ஸ்வெட்டர், குல்லா, பிள்ளைகளுக்குக் காலுறை கட்டாயம். தரை சிமெண்டு, ஜில்லென்று ஏறும். கார் கடைசி வளைவு வரைதான் வரும், அதற்கு மேல் நடை. பனியில் புல் வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். டார்ச் இருந்தால் எடுத்து வாருங்கள். அந்த நேரத்தில் காட்டெருமை மேய்ச்சலுக்கு இறங்கியிருக்கும். எதிரே நின்றால் சத்தம் போடாமல் அது போகும்வரை நின்றுவிட்டு வாருங்கள். முதல் பாட்டு தவறினாலும் பரவாயில்லை.